சொல்லுக்குக் கூலி

எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு முதன்முதலாகப் பெண்கள் வில்லு வந்தபோது எனக்குப் பத்து வயது. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட தேரிக்காட்டு ஊர். செம்மணலும் பனையும் கருப்பட்டிக் காப்பியும்தான் எங்கள் பக்கத்து அடையாளம். அதுவரை வில்லுப்பாட்டு என்றால் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஆண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அன்று பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் வில்லின் முன் உட்கார்ந்து, வீசுகோலை இரண்டு கையிலும் எடுத்து நாணில் ஓங்கி அடித்தார். மணிகள் அதிர்ந்தன. பக்கத்தில் இருந்த என் ஆச்சி வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டாள்.

விடியும்போது ஆச்சி கேட்டது கதையைப் பற்றி அல்ல. "ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு ராத்திரிக்கு எவ்வளவு குடுத்திருப்பாவ?" என்று கேட்டாள்.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இசக்கியம்மன் கதையைக் கேட்டு அழுதவள் கூலியைப் போய்க் கேட்கிறாளே என்று. இப்போது நினைத்தால், இந்தக் கரையின் வரலாற்றைப் படிக்கத் தேவையான கேள்வியை அவள் கேட்டுவிட்டாள் என்று தோன்றுகிறது. சொல்லுக்கு இங்கே கூலி உண்டு. யாருடைய சொல்லுக்கு?

முத்துக்குளிப்பிலிருந்து தொடங்குவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடற்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிக்கும் காலத்தில் சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைக்க ஆட்கள் இருந்ததையும், எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதையும் எழுதியிருக்கிறார். கடல்கட்டி என்று அவர்களுக்குப் பெயர். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியும் கடல்கட்டியின் வேலை போகவில்லை. ஆங்கிலேய அரசு நடத்திய முத்துக்குளிப்பிலும் அவருக்குச் சம்பளம் இருந்தது. அவர் மந்திரம் சொல்லாவிட்டால் மூழ்குகிறவர்கள் நீரில் இறங்க மாட்டார்கள். கப்பலும் கணக்கும் வைத்திருந்த அரசுக்குக் கூட, ஒரு ஆணின் வாய்ச்சொல்லை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

அதே நேரத்தில் கரையில் நின்ற பெண்களும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நேர்ந்துகொண்டிருப்பார்கள், மாதாவைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு சிப்பிகூடப் பங்கில்லை. முத்துக்குளிப்பைப் பற்றி இங்கே எல்லோரும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் மச்சானாக இருப்பான், அதாவது மனைவியின் உடன்பிறந்தவன். தங்கச்சி தாலி அறக் கூடாது என்று கயிற்றை விடாமல் பிடிப்பான் என்பது விளக்கம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் பெண் எங்கே இருக்கிறாள்? இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு கயிறாக இருக்கிறாள். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்றுபோனது. கயிறு போய்விட்டது, கதை மட்டும் இன்னும் அப்படியே சொல்லப்படுகிறது.

இத்தனைக்கும் இந்தக் கரையில் சொல்லப்பட்ட பெரிய கதைகளில் பல, பெண்களின் கதைகள். சிலப்பதிகாரத்தில் கோவலன் உயிரைப் பறித்த வழக்கு எதில் தீர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள், கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். பாண்டியனின் முத்து என்றாலே கொற்கை முத்துதான். கண்ணகியின் சினம் ஆறாமல் நாடு மழை இழந்தபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு அவளுக்கு விழா எடுத்தான் என்று அந்த நூலின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. நீதி கேட்ட ஒருத்திக்கு நீதி கிடைக்கவில்லை, விழா கிடைத்தது. அவள் பெயரில் செத்தவர்கள் ஆயிரம் கைவினைஞர்கள். அநியாயமாகச் செத்தவளைச் சாமியாக்கிக் கொடை கொடுத்து அமைதிப்படுத்தும் வழக்கம் இந்தப் பக்கத்தில் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இசக்கி அந்த வழியில் வந்தவள். நம்பி வந்தவனால் நகைக்காகக் கொல்லப்பட்டு, மறுபிறவியில் பழி தீர்த்தவள். ஒரு கையில் பிள்ளையும் வாயில் பிள்ளையுமாகச் சுதைச் சிலையில் நிற்பாள். அவளிடம்தான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், மூளி அலங்காரியின் சொல் பொறுக்காமல் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காள் இன்னொருத்தி. கத்தோலிக்க ஊர்களுக்கு வந்தால் ஞானசௌந்தரி. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரண்டு கையும் வெட்டுப்பட்டுக் காட்டில் விடப்பட்டு, மாதாவின் அருளால் கை வளரப் பெற்றவள். கை வெட்டுப்பட்ட பெண்ணின் கதை ஐரோப்பா முழுக்கச் சொல்லப்பட்ட நாட்டுப்புறக் கதை. கடல் கடந்து வந்து, தமிழ் நாடகமாகி, 1948-இல் ஒரே ஆண்டில் இரண்டு திரைப்படங்களும் ஆனது.

கதை வேற்றுநாட்டிலிருந்து வருவதும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக்கு அன்றீக்கஸ் எழுதிய அடியார் வரலாறு 1586-இல் அச்சானது. தமிழ் அச்சின் தொடக்க நூல்களில் ஒன்று. புனிதர்களின் கதைத் தொகுப்பு அது. ஒருவர் வாசிக்க ஊர் கேட்கும் நூல். அந்தத் தொடக்கக் கால அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். முத்தெடுத்த காசில் கதை அச்சாயிற்று. அந்தக் காசில் மீன் விற்ற, வலை பின்னிய, வீட்டைக் காத்த பெண்களின் உழைப்பும் சேர்ந்தே இருந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆக, வெட்டுப்பட்டவள், விழுந்தவள், கைவிடப்பட்டவள் என்று பெண்களின் துயரம்தான் கதையின் முதல். அதை எடுத்துச் சொல்லிக் கூலி வாங்கியவர்கள் நீண்ட காலம் ஆண்கள். அந்தக் கூலி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வில்லுப்பாட்டைப் பார்க்க வேண்டும்.

குடத்தோடு சேர்த்துக் கட்டிய நீண்ட வில், அதில் தொங்கும் மணிகள், நாணை அடிக்க இரண்டு வீசுகோல், உடுக்கு, தாளம், கட்டை, குடத்தின் வாயில் அடிக்கும் தட்டு. வலம் பாடும் அண்ணாவி கதையைக் கொண்டுபோக, இடம் பாடுகிறவர்கள் ஏந்திப் பாடுவார்கள். காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, கதைக்குள் நுழைந்து, கடைசியில் வாழி பாடி முடிப்பார்கள். பொழுதுபோக்குக்கான பாட்டு அல்ல இது. எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமியின் கதையைப் பாட வேண்டும். அது வெட்டுப்பட்ட இடம், செத்த இடம் வரும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மீது சாமி வர வேண்டும். வராவிட்டால் பாட்டில் குறை என்று பொருள். இந்த வில்லை எழுத்தில் விவரித்தவர்களில் முன்னோடி ராபர்ட் கால்டுவெல். கிளாஸ்கோவில் படித்து இடையன்குடிக்கு வந்த அந்தப் பாதிரியார், 1849-இல் வெளியிட்ட நூலில் குடத்தின் மேல் வைத்த மணி கட்டிய வில்லைப் பற்றி எழுதினார். அவருக்கு அது பேய் வழிபாட்டின் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண்ணின் கொலைவழக்கு ஒவ்வோர் ஆண்டும் மறுவிசாரணைக்கு வருவது அவர் காதில் விழவில்லை.

இனி பணம். கொடைச் செலவு ஊர்வரி. வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விழும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பல ஊர்களில் கணவனை இழந்தவளின் குடும்பம் அரைத் தலைக்கட்டு, அல்லது கணக்கிலேயே இல்லை. வரி கொடுப்பவன்தான் கூட்டத்தில் பேசுவான், எந்தக் குழுவுக்கு அச்சாரம் கொடுப்பது, எந்தக் கதை பாடுவது என்று முடிவு செய்வான். காசு கொடுப்பவன் கதையின் போக்கையும் மாற்றுவான். இதற்கு நா. வானமாமலை காட்டிய சான்று முத்துப்பட்டன் கதை. பார்ப்பனனான முத்துப்பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியச் சகோதரிகளை மணந்து, மாமனாரின் தொழிலை ஏற்று, கிடை மாட்டைக் காக்கப் போரிட்டுச் சாகிறான். பெண்கள் உடன்கட்டை ஏறுகிறார்கள். பிற்காலத்தில் பாடியவர்கள், அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு துணுக்கைச் சேர்த்துவிட்டார்கள். மேல்சாதியாரின் கோபத்துக்குப் பயந்து செய்த ஒட்டு அது என்றார் வானமாமலை. கவனியுங்கள், திருத்தப்பட்டது பட்டனின் பிறப்பு அல்ல, பெண்களின் பிறப்பு. கதையைச் சாதிக்கு ஏற்றதாக ஆக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்கும் இடம் பெண்ணின் உடலாகத்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பெண் வில்லைத் தொடுவது எப்படிப்பட்ட காரியம்! இரவு முழுக்க ஊர் பார்க்க உட்கார வேண்டும். ஆண்களோடு வண்டியேறி ஊர் ஊராகப் போக வேண்டும். கொடை செவ்வாய், வெள்ளி பார்த்து வரும், மாதவிலக்கு அப்படிப் பார்த்து வராது. தீட்டு என்ற ஒரு சொல் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்துவிடும். இத்தனையையும் தாண்டியவர் பூங்கனி அம்மாள். கன்னியாகுமரி அருகே அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சரவணந்தேரியில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது கோயிலில் இரண்டு பெண்கள் வில்லடித்துப் பாடுவதைப் பார்த்தார். நானும் இப்படிப் பாட வேண்டும் என்று நினைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தென்மாவட்டக் கொடைகளில் பாடினார். 2018 நவம்பரில், 84 வயதில், வறுமையிலேயே இறந்தார். வில்லுப்பாட்டின் மூத்த பெண்கலைஞர் என்று செய்தித்தாள்கள் எழுதின. உயிரோடு இருந்தபோது அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பட்டம் அல்ல.

பூங்கனியின் கதையில் என்னை நிறுத்துவது அந்த இரண்டு பெண்கள். அவர்கள் பாடாமல் இருந்திருந்தால் சிறுமி பூங்கனிக்கு அப்படி ஒரு ஆசையே வந்திருக்காது. ஒரு பெண் கூலி வாங்கிக்கொண்டு கதை சொல்வதை இன்னொரு பெண்குழந்தை தன் கண்ணால் பார்க்க வேண்டும். பெண்களுக்குப் பரம்பரை அப்படித்தான் உண்டாகிறது. ஆணுக்கு ஏடும் குருவும் தகப்பனும் கொடுத்ததை, நமக்கு ஒரே ஒரு ராத்திரி கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாதச் சம்பளத்துக்குக் கதை சொன்ன பெண்களும் இங்கே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன்கள் வேலைக்கு வைத்த பைபிள் பெண்கள். பெரும்பாலும் விதவைகள். பாதிரியார் நுழைய முடியாத உள்வீடுகளுக்கு அவர்கள் போனார்கள். திண்ணையில் உட்கார்ந்து வேதக்கதை சொன்னார்கள், கேட்க விரும்பியவர்களுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். மதம் பரப்புவதுதான் அந்த வேலையின் நோக்கம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூலையில் முடங்க வேண்டியவள் என்று ஊர் விதித்த ஒருத்தி, கையில் புத்தகத்தோடு ஊர்விட்டு ஊர் நடந்தாள், வாயால் சம்பாதித்தாள் என்பதும் வரலாறுதான். 1890களின் இறுதியில் ஏமி கார்மைக்கேல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பண்ணைவிளையில் இருந்தபோது, தமிழ்ப் பெண்களின் குழு ஒன்று அவரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனது. அவர்களில் பொன்னம்மாள் இளம் விதவை. நகை போடுவதில்லை என்று அந்தப் பெண்கள் முடிவெடுத்தபோது ஊர் திகைத்தது. பொன்னம்மாள் 1915-இல் இறந்தார். அவரைப் பற்றி ஒரு புத்தகமே இருக்கிறது. அதை எழுதியவர் கார்மைக்கேல், மொழி ஆங்கிலம். ஊர் ஊராகக் கதை சொன்ன பெண்ணின் சொந்தக் கதையை அவள் வாயால் நாம் கேட்க முடியவில்லை.

மூன்றாவது வகை, ஒப்பாரி. சாவு வீட்டுக்கு அழைக்கப்பட்டு மாரடித்துப் பாடிய பெண்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். செத்தவரின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து சொல்லி, இருப்பவர்களின் அநியாயத்தையும் இடையில் செருகி, ஒரு மணி நேரத்தில் ஒரு வரலாற்றைக் கட்டுகிறவள் கதைசொல்லி இல்லாமல் வேறு யார்? ஆனால் அந்த உழைப்புக்குத் தமிழ் கொடுத்த பெயரைப் பாருங்கள். மனசில்லாமல் செய்யும் வேலையை, கூலிக்கு மாரடிப்பது என்கிறோம். அண்ணாவி வாங்கினால் சன்மானம், கடல்கட்டி வாங்கினால் பங்கு, இவள் வாங்கினால் மட்டும் அது பொய்யழுகை!

நான்காவது வகைதான் எண்ணிக்கையில் பெரியது. கூலியே இல்லாத ஆச்சிகள். இந்த மாவட்டத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் வாழ்நாளெல்லாம் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். அவருடைய கோபல்ல கிராமத்தில் ஊரின் வரலாற்றைத் தன் நினைவில் வைத்திருப்பவள் 137 வயது மங்கத்தாயாரு அம்மாள். சென்னாதேவியின் அழகால் குலமே நாடுவிட்டு வந்த கதை அவள் வாயிலிருந்துதான் வருகிறது. அது வெறும் கற்பனை இல்லை, கரிசல் காட்டின் நடப்பு. ஊரின் ஞாபகம் பாட்டியிடம் இருந்தது, புத்தகத்தில் பெயர் பேரனுடையதாக வந்தது. கி.ரா.வைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கேட்டார், மற்றவர்கள் கேட்கக்கூட இல்லை. ஆனால் பாட்டி கதை என்று நாம் சொல்லும்போது, எந்தப் பாட்டி என்று கேட்கப் பழகவில்லை.

வேறு நாடுகளில் இது எப்படி நடந்தது? ஸ்காட்லாந்து தூத்துக்குடிக்கு அந்நியம் இல்லை. இங்கே கோரல் மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1908-இல் வ.உ.சி. தலைமையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது அந்த மில்லில்தான். அந்த நாட்டிலும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் உண்டு. டிராவலர்கள் எனப்படும் நாடோடிக் குடும்பங்கள். தகரப் பாத்திரம் செய்து, பழத்தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறித்து வாழ்ந்தவர்கள். 1951-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்று ஆய்வுக்கூடம் தொடங்கியபோது, பதிவுக்கருவியோடு போனவர்கள் அந்த முகாம்களில் ஒரு பெருஞ்செல்வத்தைக் கண்டார்கள். அபெர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற பெண் பழங்கதைப் பாடல்களை நினைவிலிருந்து பாடினார். நாடு அவரைக் கொண்டாடியது. பெட்சி ஒயிட் அந்த முகாம் வாழ்க்கையைத் தானே எழுதி 1979-இல் புத்தகமாக வெளியிட்டார். இன்று அங்கே கதைசொல்லிகளுக்கென்று ஒரு மையம் இருக்கிறது. பள்ளியும் நூலகமும் கூலி கொடுத்துக் கதைசொல்லியை அழைக்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், டிராவலர்கள் மீதான வெறுப்பு அங்கே போய்விடவில்லை. ஆனால் ஒரு கதைக்கு முன்னால், இதை நான் இன்ன பெண்ணிடம் கேட்டேன் என்று பெயர் சொல்லும் பழக்கம் அங்கே வேர்விட்டிருக்கிறது. நாம் கடன் வாங்கத்தக்கது அதுதான்.

பெட்சி ஒயிட் தன் கதையை எழுதிய அதே 1979-இல் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள் வெளிவந்தது. நேரில் வந்து தங்கி, கேட்டு எழுதியவர் அவர். நல்ல நாவல். இங்கே உப்பளத்துப் பெண் தன் வாயால் சொன்னதைத் தன் பெயரில் நாம் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கம் நடந்த ஒரு பெரிய மாற்றம் அறிவொளி இயக்கம். 1990களின் தொடக்கத்தில், எங்கள் மாவட்டத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் இருந்த நாளில், சாயங்காலம் தெருவிளக்கின் கீழ் பெண்கள் சிலேட்டோடு கூடினார்கள். கலைக்குழுக்கள் வில்லுப்பாட்டும் நாடகமும் போட்டன. கதைப் பாட்டும் சின்னக் கதைப்புத்தகமும் எழுத்துக்குத் துணையாக வந்தன. மேடையில் நின்று பேசியே இராத பெண்கள் தொண்டர்களாகக் கதை சொன்னார்கள். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. அது தொண்டு. சம்பளம் கிடையாது. பெண்ணின் சொல் பொதுவெளிக்கு வந்தது, ஆனால் மறுபடியும் இலவசமாக வந்தது. இயக்கம் முடிந்ததும் பலர் அடுப்படிக்குத் திரும்பினார்கள்.

இன்று கொடை நோட்டீஸ்களில் பெண்களின் படம் போட்ட வில்லிசைக் குழுக்கள் நிறைய இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் பெண்கள்கூட வில்லடிக்கிறார்கள், காணொளியில் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் ஆச்சியின் கேள்வியை விட்டுவிடக் கூடாது. எவ்வளவு கொடுக்கிறார்கள்? ஆண்கள் குழுவுக்குக் கொடுப்பதையா? கூட்டத்தில் யார் முடிவு செய்கிறார்கள்? எந்தக் கதையை? பொம்மக்கா திம்மக்காவைப் பார்ப்பனக் குழந்தைகளாக்காமல் பாட ஒரு பெண்ணுக்கு அச்சாரம் கிடைக்குமா?

என் ஆச்சி இறந்தபோது வீட்டில் கிடந்த காகிதங்களில் அவள் தொழில் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. அவளிடம் நான் கேட்ட கதைகள் நாற்பதாவது இருக்கும். கல்லூரிகளில் கதைசொல்லல் பற்றிப் பேச என்னை அழைக்கிறார்கள், பயணப்படி தருகிறார்கள், உறையில் பணம் தருகிறார்கள். பேசுவது பாதிக்கு மேல் அவள் கதைகள். அந்த உறையை வாங்கும்போதெல்லாம், கொடை முடிந்த அந்த விடியலில் அவள் கூலியை விசாரித்தது ஞாபகம் வரும். தனக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கதை சொல்லும் பெண் யார் என்று பாருங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், வயது, யாரிடம் கேட்டாள் என்பதை முதலில் சொல்லவையுங்கள். ஆய்வேட்டில் தகவலாளி என்று எண் போட்டு நிறுத்தாமல், அவள் சம்மதித்தால் அவள் பெயரைப் போடுங்கள். உங்களுக்கு ஆய்வு உதவித்தொகை வந்தால் அதில் ஒரு பங்கு அவளுக்குக் கொடுங்கள். கடல்கட்டிக்கு இருபதில் ஒன்று கொடுத்த கரை இது.

என் ஆச்சியின் பெயர் சுடலைவடிவு. தொழில், கதை சொல்வது.